ஸ்பாஞ்சா, ஊசியா, கிடாயின் வாடையா? மச்சானின் அறுபது ஆடுகளுக்கு ஒரு கணக்கு

மச்சானிடம் அறுபது பெட்டை ஆடுகளும் இரண்டு கிடாய்களும் இருக்கின்றன. எல்லாம் டார்ப்பர் செம்மறி. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஹோவிக்கிலிருந்து நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊருக்குப் போகிற வழியில் அவருடைய சின்ன மேய்ச்சல் நிலம். டிசம்பரில் பச்சைப் பசேலென்று இருக்கும். ஜூன், ஜூலையில் உறைபனி பட்டு வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். கிடாய்களை வருடம் முழுக்க மந்தையோடு விட்டே பழகிவிட்டார். அதனால் எந்த இரவில் எந்த ஆடு குட்டி போடும் என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் நரி தூக்கியது ஒன்பது குட்டி, வேலியை வெட்டி ஆள் தூக்கியது நாலு. இரவுக் காவலுக்கு ஆள் வைக்கலாம், ஆனால் வருடம் முழுக்க வைக்க முடியுமா? மூன்று நான்கு வாரத்துக்குள் எல்லாம் ஈன்றுவிட்டால் கட்டுப்படியாகும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மருந்து விற்பனையாளர் வந்து, அறுபது ஆட்டுக்கும் ஸ்பாஞ்சு, கூடவே ஊசி, எல்லாம் ஒரே நாளில் சினைப்பருவத்துக்கு வரும், இரட்டைக் குட்டியும் கூடும் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மச்சான் என்னைக் கூப்பிட்டார். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கல்யாணமாகி பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்தவன். ஊரில் ஆட்டுக்கு ஹார்மோன் போட்டுப் பருவம் வரவைப்பதைப் பாடத்தில்தான் படித்தேன். அங்கே மழை பெய்து புல் முளைத்தால் ஆடு தானாகப் பருவத்துக்கு வந்துவிடும். இங்கே கதை வேறு. அதனால் மறுபடி புத்தகத்தைத் திறந்து, அவருக்காகப் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். ஐம்பது நூறு ஆடு வைத்திருக்கும் நம்மவர்கள் நேட்டாலில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

விலைப்பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் சினைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இது புரியாவிட்டால் எல்லா மருந்தும் ஒன்றுபோலத் தெரியும்.

சினைப்பையில் ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு பைக்குள் இருக்கிறது. அதற்கு ஃபாலிக்கிள் என்று பெயர். முட்டையை ஒட்டி உள்பக்கம் இருப்பவை கிரானுலோசா செல்கள். அவற்றைச் சுற்றி வெளிச்சுவர் மாதிரி இருப்பவை தீக்கா செல்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச் தீக்கா செல்லுக்குப் போய், ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஆண்வகை ஹார்மோனைச் செய்யச் சொல்கிறது. அது சுவரைத் தாண்டி உள்ளே போகும். அங்கே கிரானுலோசா செல், எஃப்.எஸ்.எச் சொன்னபடி, அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஒரு வீட்டில் மாவு அரைத்து அடுத்த வீட்டில் தோசை வார்ப்பது போலத்தான். ஒரு வீடு தூங்கினால் மற்ற வீட்டில் தோசை கிடையாது.

செம்மறியின் பருவச் சுற்று சுமார் 17 நாள். அதற்குள் பெரும்பாலும் மூன்று அலையாக ஃபாலிக்கிள்கள் வளர்கின்றன. ஒவ்வொரு அலையிலும் பல பைகள் கிளம்பும். பெரிதாக ஆக அவை ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனையும் விடும். இரண்டும் சேர்ந்து பிட்யூட்டரியைப் பார்த்து, எஃப்.எஸ்.எச் போதும், குறை என்று சொல்லிவிடும். எஃப்.எஸ்.எச் குறைந்ததும் சின்னப் பைகள் பட்டினி கிடந்து சாகும். முந்திக்கொண்டு எல்.எச்சைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைத் தன் கிரானுலோசா செல்லில் வளர்த்துக்கொண்ட ஒன்றோ இரண்டோ மட்டும் பிழைக்கும். எத்தனை பிழைக்கிறதோ அதற்கு மேல் குட்டி கிடையாது.

ஆனால் பிழைத்தாலும் முட்டை உடனே வெளியே வராது. முந்தைய சுற்றில் முட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் கட்டி உட்கார்ந்துகொண்டு புரோஜெஸ்ட்ரோனை விட்டுக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை எல்.எச் துடிப்பு மெதுவாகத்தான் வரும். வளர்ந்த பையும் வாடிப்போகும், அடுத்த அலை கிளம்பும். சினை பிடிக்காவிட்டால் 13, 14ஆம் நாள்வாக்கில் கருப்பை புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி அந்த மஞ்சள் கட்டியை அழிக்கிறது. புரோஜெஸ்ட்ரோன் விழும், எல்.எச் வேகமெடுக்கும், அப்போது காத்திருக்கும் அலையின் பைகள் முதிர்ந்து ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும், ஆடு கிடாயைத் தேடும், ஒரு நாள் வாக்கில் முட்டை வெளியே வரும்.

ஆக, மச்சானின் பிரச்சினையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எப்போது என்பது ஒன்று. அதை மஞ்சள் கட்டியும் எல்.எச்சும் முடிவு செய்கின்றன. எத்தனை என்பது இன்னொன்று, அதை எஃப்.எஸ்.எச்சும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் வளர்ச்சிக் காரணிகளும் முடிவு செய்கின்றன. விற்பனையாளர் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்கிறார். நான் பிரித்துத்தான் பார்ப்பேன்.

சரி, அந்தப் பொட்டலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்பாஞ்சு என்பது ஆட்டின் யோனிக்குள் வைக்கும் கட்டைவிரல் அளவு பஞ்சுருளை. அதில் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து ஊறியிருக்கும்; மெட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் என்றால் 60 மில்லிகிராம். 12 முதல் 14 நாள் உள்ளே இருக்கும். அதுவே போலி மஞ்சள் கட்டி. ஆட்டின் சொந்தக் கட்டி அதற்குள் தானாக அழிந்துவிடும். ஸ்பாஞ்சை உருவியதும் எல்லா ஆட்டுக்கும் ஒரே நேரத்தில் புரோஜெஸ்ட்ரோன் விழும். அதே நாளில் ஈ.சி.ஜி ஊசி போடுவார்கள், 300 முதல் 500 யூனிட். இது சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. செம்மறியின் உடம்பில் எஃப்.எஸ்.எச் வேலையையும் எல்.எச் வேலையையும் சேர்த்துச் செய்யும். சர்க்கரைப் பக்கக்கிளைகள் அதன்மேல் நிறைய ஒட்டியிருப்பதால் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றாது, நாட்கணக்கில் நிற்கும். ஒன்றரை இரண்டு நாளில் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வந்துவிடும்.

இதில் பெரிய நன்மை, ஆடு சுற்றுக்கே வராமல் தூங்கும் பருவத்திலும் வேலை செய்யும். சினைப்பை சும்மா இருந்தாலும் ஈ.சி.ஜி கிரானுலோசா செல்லைத் தட்டி எழுப்பிவிடும். செயற்கைக் கருவூட்டல் செய்ய வேண்டுமென்றால், மணி பார்த்து விந்து செலுத்த இதைவிட்டால் வசதியான வழி இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் விற்பனையாளர் பக்கம் சேர்ந்தவனாகிவிடுவேன். ஈ.சி.ஜி அளவு கூடிப்போனால் நாலைந்து பைகள் ஒன்றாகப் பிழைத்து மூன்று நான்கு குட்டி வரும். அதைவிட மோசம், முட்டை வெளியேறாத பெரிய பைகள் சில நின்றுபோய் ஈஸ்ட்ரோஜனை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஆட்டுக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தக் குதிரைப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்தடுத்த தடவை பலன் குறையும். மச்சான் இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து எடுக்கும் திட்டத்தில் இருக்கிறார். அப்படியென்றால் எட்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. எதிர்ப்பொருள் இந்த இடத்தில்தான் காலை வாரும். சினைக் குதிரையிடம் ரத்தம் எடுக்கும் முறை பற்றி விலங்கு நல அமைப்புகள் கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன. அவை நியாயமானவை என்றே நினைக்கிறேன். அப்புறம் ஸ்பாஞ்சை உருவும்போது வருகிற நாற்றம். அது இயல்புதான், நோய் கிடையாது. ஆனாலும் முதல் தடவை பார்க்கிற பட்டி ஆள் வேலையை விட்டுப் போனாலும் ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று அந்த விலைப்பட்டியலிலேயே இருந்தது. சாதாரணமாக ஒரு நல்ல கிடாய்க்கு முப்பது நாற்பது ஆடு கொடுக்கலாம், ஏனென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் பருவத்தில் இருக்கும். அறுபதும் ஒரே இரண்டு நாளில் வந்தால் பத்து ஆட்டுக்கு ஒரு கிடாய் வேண்டும். ஆறு கிடாய்! மச்சானிடம் இருப்பது இரண்டு. மீதி நாற்பது ஆடு பருவத்துக்கு வந்து, கிடாய் இல்லாமல் திரும்பிப் போகும். மருந்துக் காசும் போகும். அந்தக் கணக்கை அவர் முன்னால் ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அவர் நான் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார்.

அடுத்தது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. இது மஞ்சள் கட்டியை நேராக அழிக்கும். 9 முதல் 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. முதல் ஊசியில் தப்பிய ஆட்டுக்கும் இரண்டாவது ஊசியின் நாளில் அழிக்கத் தோதான கட்டி இருக்கும். ஸ்பாஞ்சைவிட மலிவு, நாற்றமில்லை, உள்ளே எதையும் வைக்க வேண்டாம். ஆனால் கட்டி இருந்தால்தானே அழிக்க முடியும்? பருவச் சுற்றில் இல்லாத ஆட்டுக்கு இது வெறும் தண்ணீர். அதுபோக, கட்டி அழியும் நேரத்தில் ஒவ்வொரு ஆட்டிலும் ஃபாலிக்கிள் அலை வெவ்வேறு கட்டத்தில் இருப்பதால், பருவம் ஒரே நேரத்தில் வராமல் இரண்டு மூன்று நாளுக்குச் சிதறும். இரண்டு கிடாய் வைத்திருப்பவருக்கு அது ஓரளவு நல்லதுதான்.

இதில் எனக்கு ஆகாதது பாட்டில்தான். இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, ஆஸ்துமா உள்ளவர்களும் தொடக்கூடாது. மற்றவர்களும் கையுறை இல்லாமல் எடுக்கக் கூடாது. மச்சானின் மருமகள் இப்போது ஐந்து மாதம். அவள்தான் மருந்துப் பெட்டியை வைத்திருக்கிற சமையலறை ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிறாள். மந்தையில் தெரியாமல் சினையாக இருக்கும் ஆட்டுக்குப் போட்டால் அதன் கருவும் கலையலாம். வருடம் முழுக்கக் கிடாய் ஓடிய மந்தையில் எது சினை, எது இல்லை என்று ஸ்கேன் பார்க்காமல் யார் சொல்வது?

மூன்றாவது வழிக்கு மருந்தே வேண்டாம். கிடாயைப் பிரித்து வைத்துவிட்டுத் திடீரென்று உள்ளே விடுவது. தூங்கும் பருவத்தில் இருக்கிற பெட்டைக்குக் கிடாயின் ரோமத்திலும் தோலெண்ணெயிலும் இருக்கிற வாடை மூக்கில் பட்டதும், சில நிமிடத்திலேயே எல்.எச் துடிப்பு வேகமெடுக்கிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியேறும். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கும் விஷயம் இது. ஒரு வாடை, மூக்கு வழியாக மூளைக்குப் போய், தீக்கா செல்லின் கதவைத் தட்டுகிறது.

ஆனால் இந்த முதல் முட்டை வீண். பெட்டையிடம் பருவத்தின் அறிகுறியே இருக்காது, ஏனென்றால் செம்மறியின் மூளை ஈஸ்ட்ரோஜனுக்கு ஒழுங்காக மசிய வேண்டுமானால் அதற்கு முன் கொஞ்ச நாள் புரோஜெஸ்ட்ரோன் பட்டிருக்க வேண்டும். பாதி ஆடுகளில் சாதாரண மஞ்சள் கட்டி வரும். அவை 18, 19ஆம் நாள் பருவத்துக்கு வரும். மற்றவற்றில் கட்டி ஐந்தாறு நாளிலேயே செத்துப்போய், இன்னொரு முட்டை வெளியேறி, 24, 25ஆம் நாள்தான் பருவம் வரும். ஆக, கிடாய் விட்ட மூன்றாவது, நான்காவது வாரத்தில் இரண்டு மேடாகப் பருவம். கிடாய் விடும் அன்று 20 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன் ஒரே ஒரு ஊசி போட்டால் அந்தச் சீக்கிரம் சாகும் கட்டிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு மேடும் ஒன்றாகும். காசு அதிகமாகாமல் துல்லியம் கூட்ட இது நல்ல தந்திரம்.

இதற்கு இரண்டு நிபந்தனை. பெட்டைகள் தூங்கும் பருவத்தில் இருக்க வேண்டும். ஏற்கனவே சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் மந்தையில் கிடாய் வாடை நேரத்தை ஒழுங்குபடுத்தாது. இரண்டாவது, கிடாய் பழகிய முகமாக இருக்கக் கூடாது. பழைய புத்தகங்கள் ஒரு மாதமாவது கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்கின்றன. புதுக் கிடாயாக இருந்தால் அவ்வளவு கண்டிப்பாகப் பிரிக்காவிட்டாலும் வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. இங்கேதான் மச்சானுக்குச் சிக்கல். அவர் கிடாய்களைக் கொண்டுபோய் மறைத்தாலும், தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரரின் கிடாய்கள் நாளெல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியிலிருந்து கிடாய் இரவல் வாங்குவதானால் புரூசெல்லா என்ற தொற்றுக்குச் சோதனை பார்க்காமல் உள்ளே விடக் கூடாது.

இந்த மூன்றும் 'எப்போது' என்ற கேள்விக்கான பதில்கள், ஈ.சி.ஜி மட்டும் இரண்டிலும் கால் வைக்கிறது. 'எத்தனை' என்பதற்கு வந்தால், நான் முதலில் கை வைப்பது தீவனத்தில்.

நாமக்கல்லில் படிக்கும்போது ஒரு பயிற்சி வகுப்பு. ஆடறுக்கும் கூடத்திலிருந்து சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீர் ஃபிளாஸ்க்கில் எடுத்து வருவோம். ஃபாலிக்கிளைக் குத்தி கிரானுலோசா செல்லை எடுத்துத் தட்டில் வளர்ப்போம். ரத்தச் சீரம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் சில நாளில் செல்கள் தங்கள் வேலையை மறந்து, மஞ்சள் கட்டிச் செல் மாதிரி மாறி, ஈஸ்ட்ரோஜனை விட்டுவிட்டுப் புரோஜெஸ்ட்ரோன் செய்ய ஆரம்பித்துவிடும். சீரம் இல்லாமல், இன்சுலினைக் கொஞ்சமாகச் சேர்த்து வளர்த்தால் ஈஸ்ட்ரோஜன் நிற்காது. அதில் எஃப்.எஸ்.எச் மட்டும் ஊற்றினால் ஒரு மாதிரி, எஃப்.எஸ்.எச்சோடு ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் ஊற்றினால் வேறு மாதிரி; இரண்டும் சேரும்போது பலன் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருக்கும். அதற்கு நேர்மாறாக ஈ.ஜி.எஃப் என்ற இன்னொரு காரணியை விட்டால் செல்கள் எண்ணிக்கையில் பெருகும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். பெருகுவது வேறு, முதிர்வது வேறு என்பதை அந்தத் தட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

பண்ணையில் அந்த ஐ.ஜி.எஃப்பையும் இன்சுலினையும் ஊற்றுவது தீவனத் தொட்டி. கிடாய் விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து மீலி என்கிற மக்காச்சோளமும் புரதத்துக்கு சோயா அல்லது லூபின் என்ற பயறும் கொடுத்தால், குளுக்கோஸ், இன்சுலின், லெப்டின், ஐ.ஜி.எஃப் எல்லாம் மாறுகின்றன. எஃப்.எஸ்.எச் குறையும் நேரத்தில் சாக வேண்டிய பைகளில் ஒன்றிரண்டு தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலிய மெரினோக்களில், பருவத்துக்கு முந்தைய சுமார் ஆறு நாள் லூபின் கொடுத்தாலே முட்டை எண்ணிக்கை கூடுகிறது. அதற்குள் ஆட்டின் எடை கூடியிருக்காவிட்டாலும்கூட. எடை ஏறும்வரை காத்திருக்காமல் சினைப்பை தீவனத் தொட்டியில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்கிறது.

எல்லா ஆட்டுக்கும் இது பலிக்காது. முதுகைத் தடவிப் பார்த்து 5க்கு மதிப்பெண் போடும்போது 2.5, 3 வாங்குகிற ஆட்டுக்குத்தான் நல்ல பலன். ஏற்கனவே கொழுத்ததற்குக் கொடுப்பது வீண். டார்ப்பர் சும்மாவே கொழுக்கிற சாதி. எலும்பும் தோலுமாக இருப்பதற்கு மூன்று வாரம் போதாது, முதலில் அதன் வயிற்றுப் புழுவைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் ரத்தம் உறிஞ்சும் வயர்வர்ம் பெரிய எதிரி. கண்ணிமையைத் திருப்பிச் சிவப்பைப் பார்க்கும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவில்தான் பிறந்தது, ஒவ்வொரு பட்டியிலும் ஒன்று இருக்க வேண்டும். இன்னொன்று, கிடாய் சேர்ந்த பிறகும் விருந்து வைத்துக்கொண்டே இருந்தால் கெடுதல். தீனி மிகும்போது கல்லீரல் வேகமாக வேலை செய்து புரோஜெஸ்ட்ரோனைக் கழுவி வெளியேற்றும். புதுக் கரு ஊன்றும் நேரத்தில் அது ஆபத்து. சேர்ந்ததும் சாதாரணத் தீனிக்கு இறக்கிவிட வேண்டும்.

ஐந்தாவதாக மச்சான் எங்கோ கேள்விப்பட்டுக் கேட்டது, இரட்டைக் குட்டி மரபணு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனசில்லை, வாங்கச் சொல்லப்போவதில்லை என்றாலும். வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பில் கரோல் என்று ஒரு குட்டைச் செம்மறி இருக்கிறது. 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சில ஆடுகள் ஆஸ்திரேலியா போயின. என் மனைவியின் முன்னோர் 1860க்குப் பின் மெட்ராஸிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறியதற்கு வெகுகாலம் முன்பே. அந்த ரத்தம் மெரினோவில் கலந்து, பூரூலா என்ற பண்ணையில் மூன்று நான்கு குட்டி போடும் மந்தை உருவானது. காரணம் 2001இல் தெரிந்தது: கிரானுலோசா செல்லிலும் முட்டையிலும் இருக்கும் பி.எம்.பி ஏற்பி ஒன்றில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. பி.எம்.பி என்பது முதிர்ச்சிக்குத் தடை போடும் வளர்ச்சிக் காரணி. தடை தளர்ந்ததால் இந்த ஆடுகளின் ஃபாலிக்கிள்கள் சின்ன அளவிலேயே முதிர்ந்துவிடுகின்றன. சின்னதென்பதால் ஒவ்வொன்றிலும் கிரானுலோசா செல் குறைவு. ஐந்தாறு சேர்ந்தால்தான் சாதாரண ஆட்டின் ஒன்றிரண்டு பெரிய பைகள் விடும் அளவு ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் வரும். பிட்யூட்டரிக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு பிரதி இருந்தால் முட்டை எண்ணிக்கை சுமார் ஒன்றரை கூடும், இரண்டு பிரதி இருந்தால் மூன்று. மகாராஷ்டிரத்தில் பல்டணில் இருக்கும் நிம்ப்கர் நிறுவனம் அதே மரபணுவைக் கரோலிலிருந்து தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, நாரி சுவர்ணா என்று ஏழை இடையர்களுக்குக் கொடுத்தது. ஒரு பிரதி மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அங்கே நல்ல யோசனையாக இருந்தது.

நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகள் இன்னும் விசித்திரம். அங்கே மாறியிருப்பது முட்டையே சுரக்கும் பி.எம்.பி-15. ஒரு பிரதி மாறினால் இரட்டைக் குட்டி. இரண்டும் மாறினால் சினைப்பை வளராமல் மலடு. முட்டை சும்மா உட்கார்ந்திருக்கும் பயணி என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். தன்னைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்லை அதுவே வழிநடத்துகிறது என்று தெரியவந்தது.

மச்சானுக்கு இது ஏன் வேண்டாம்? மருந்தை அடுத்த வருடம் நிறுத்தலாம், தீனியைக் குறைக்கலாம். மரபணுவை நிறுத்த முடியாது. பஞ்ச வருடத்திலும் மூன்று குட்டி போட்டுக்கொண்டேதான் இருக்கும். டார்ப்பருக்கு மடியில் காம்பு இரண்டுதான். ஜூன் உறைபனியில் மூன்றாவது குட்டி விடியும்வரை தாங்காது. (பகல் சுருங்குவதாக ஆட்டின் உடம்பை நம்பவைத்துப் பருவம் வரவைக்க, காதுக்குப் பின்னால் வைக்கும் மெலடோனின் குளிகை பற்றியும் கேட்டார். நீண்ட கோடைப் பகல் உள்ள வட தேசங்களுக்கு அது நல்லது. 29 பாகைத் தெற்கில், அதுவும் டார்ப்பருக்கு, அந்தச் செலவு வேண்டாம் என்றேன்.)

இப்போது மாதத்துக்கு வருகிறேன். எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. டார்ப்பர் 1930களில் தொடங்கி இங்கேயே உருவான சாதி, டார்செட் ஹார்னையும் கறுந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்தது. இரண்டு பக்கமும் பருவத்துக்கு அதிகம் கட்டுப்படாத ரத்தம். அதனால்தான் எட்டு மாதத்துக்கு ஒரு ஈத்து சாத்தியம். ஆனாலும் பகல் நீளும் வசந்தத்தில் அதுவும் மந்தமாகும். பகல் சுருங்கும் மார்ச், ஏப்ரலில் சுறுசுறுப்பாகும். மச்சானின் சுழற்சியில் கிடாய் விடும் மாதங்கள் ஏப்ரல், டிசம்பர், ஆகஸ்ட். மூன்றுக்கும் ஒரே மருந்து என்பது அபத்தம்.

ஏப்ரலில் ஒன்றும் வாங்க வேண்டாம். ஆடுகள் எல்லாம் தானாகவே 17 நாள் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். கிடாயை விட்டு 35 நாளில் வெளியே எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு வாய்ப்பு. பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே பிடித்துவிடும். செப்டம்பரில் ஐந்து வாரத்துக்குள் ஈத்து முடியும், அதில் முதல் மூன்று வாரத்துக்குத்தான் கூட்டம். புரோஸ்டாகிளாண்டின் போட்டால் இதை இன்னும் இறுக்கலாம், ஆனால் இரண்டு கிடாயால் தாங்காது, வீட்டில் கர்ப்பிணியும் இருக்கிறாள். தீனி மட்டும் கூட்டினால் போதும். இந்தச் செப்டம்பர்க் குட்டிகள்தான் 2027 மே நடுவில் பக்ரீத் வரும்போது எட்டு மாதமாகி, டர்பன் பக்கத்துக் குர்பானி வாடிக்கையாளர்களுக்குச் சரியாக நிற்கும்.

டிசம்பர் இரண்டும்கெட்டான். சில ஆடு சுற்றில் இருக்கும், சில இருக்காது. கிடாய் வாடை தூங்குவதை எழுப்பும், ஓடுவது தன்பாட்டுக்கு ஓடும். 45 நாள் விட்டால் போதும் என்றேன். அதில் வரும் மே மாதக் குட்டிகள் செப்டம்பர், அக்டோபரில் விற்க வருவதுதான் இடைஞ்சல். புரட்டாசியில் இங்கே தமிழ் வீடுகளில் கறிச்சட்டி அடுப்பேறாது. தீபாவளி வரை வைத்திருந்துதான் தள்ள வேண்டும். மச்சான் அதற்குச் சிரித்துக்கொண்டே, குட்டி இன்னும் இரண்டு கிலோ ஏறும் என்றார்.

ஆகஸ்டுதான் உண்மையான போட்டி. மேயில் ஈன்று, பால் கொடுத்து ஓய்ந்த ஆடுகள், மந்தமான பருவம். புரோஸ்டாகிளாண்டின் இங்கே பலிக்காது. ஸ்பாஞ்சும் ஈ.சி.ஜியும் பலிக்கும், கிடாய் வாடையும் பலிக்கும். நான் சொன்னது: நாற்பது ஆட்டுக்குக் கிடாய் வாடை, கூட ஒரு புரோஜெஸ்ட்ரோன் ஊசி. நல்ல தாய்மை உள்ள, இரட்டையை வளர்த்துக் காட்டிய இருபது ஆட்டுக்கு மட்டும் ஸ்பாஞ்சு, பத்துப் பத்தாக, நான்கு நாள் இடைவெளியில், ஈ.சி.ஜி 300 யூனிட்டுக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்துக்கு இரண்டு கிடாய் தாராளம். அதே ஆட்டுக்கு அடுத்த ஆகஸ்ட் சுற்று வருவது இரண்டு வருடம் கழித்துத்தான், எதிர்ப்பொருள் கவலையும் குறையும்.

விற்பனையாளர் மறுபடி கூப்பிட்டபோது இருபது ஸ்பாஞ்சுக்கு மட்டும் ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஊசி மருந்தை வைக்கப் பட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய ஃபிரிட்ஜைப் பூட்டோடு போட்டாயிற்று. தெற்கு வேலிக் கிடாய்கள்தான் மிச்சம். நேற்று அவரே அந்தப் பண்ணைக்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறார். ஜூலை தொடக்கத்திலிருந்து தன் கிடாய்களை மலைப்பக்க நிலத்துக்கு ஓட்டிவிடச் சம்மதம். பதிலுக்கு, தீபாவளிக்கு முழுசாக ஒரு தொடை வேண்டுமாம், மசாலாவையும் எங்கள் அத்தை கையால் அரைத்துத் தரவேண்டுமாம்.